வார்டனம்மா திறந்து வைத்த குழாய்

காற்று ஓய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நகரத்தின் கரண்டைக் கொண்டுபோய் முப்பது மணி நேரம் ஆகியும் திருப்பித் தருகிற எண்ணம் அதற்கு இல்லை. ஏழாவது மாடி வீட்டில், போன வாரம் நாம் விட்ட அதே இடத்தில், மகள் தரைவிரிப்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு நகத்தளவு ஜன்னல்களை இடுக்கியால் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் விடுதியில் இருபத்தாறு வருஷம் வார்டனாக இருந்தவள் அம்மா. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர் அப்பா. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரே மகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த நாலாம் நாள் புயல் பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. கரண்ட் போனால் பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. மூவரின் போன்களும் நேற்று மதியமே செத்துவிட்டன.

மகள் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் கட்டட மாதிரிகள் செய்கிறவள். நகரம் கட்டப்போகும் குழந்தைகள் மருத்துவமனைக்கான போட்டிக்கு அவள் செய்த மாதிரிதான் தரையில் கிடந்தது. அட்டையும் காகிதமும் மெல்லிய மரச் சீவலுமாக மூன்று வார உழைப்பு. வாசல் கதவில் மட்டுமட்டாக நுழையும் அகலத்தில், ஆள் நீளத்துக்கு இரண்டு துண்டுகள். அலுவலகத்தைப் புயலுக்குப் பூட்டிவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். முதலாளியோ விமானம் ரத்தாகி வேறு ஊரில் மாட்டிக்கொண்டார். இன்று மாலை நாலு மணிக்குள் இரண்டு துண்டும் நகர மண்டபத்துக் கவுன்டருக்குப் போய்ச் சேர வேண்டும். புயலைச் சொன்னால் கேட்பார்களா என்று நேற்றே நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தாள். கேட்க மாட்டார்களாம்.

போட்டி கைநழுவினால் அந்த அலுவலகம் இழுத்து மூட வேண்டியதுதான். அதோடு மகளின் வேலையும், இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போகும்.

"ரெண்டு இருபது," என்றார் டைம்கீப்பர். அவருடைய கையில் இருந்தது தினமும் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். வீட்டில் இப்போது உயிரோடு இருந்த ஒரே யந்திரம் அதுதான் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

"முடிஞ்சுது," என்று மகள் எழுந்தாள். "அப்பா, நீங்களும் நானும் முதல் துண்டைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து இதை எடுத்துப் போவோம். நடந்தா இருபது நிமிஷம். அம்மா, நீ இதுக்குக் காவல். உட்கார்ந்து பார்த்துக்கிட்டா போதும். எதையும் தொடாதே."

வந்ததிலிருந்து பதிமூன்றாவது 'தொடாதே'. வார்டனம்மா எண்ணிக்கொண்டுதான் வந்தாள். அடுப்பைத் தொடாதே, ஜன்னல் கொக்கியைத் தொடாதே, கீழ்வீட்டுத் தாடிக்காரன் படியில் டார்ச்சோடு நின்று தலையசைத்தால் "பேச்சுக் குடுக்காதேம்மா, அவர் கீழ்வீடு, அவ்வளவுதான்." இருநூறு பெண்களைக் கண்ணசைவில் ஆட்டி வைத்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் துண்டைப் பிளாஸ்டிக் ஷீட்டால் போர்த்திப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்க, வார்டனம்மா சும்மா உட்காராமல் சமையலறைக்குப் போனாள். போய் அவள் செய்ததை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வார்கள். குழாயைத் திறந்து வைத்தாள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் குழாயை மூடி வைப்பவள் குடும்பஸ்தியா? அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். வந்ததும் தடதடவென்று சத்தம் கேட்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷமாக, வீட்டிலும் விடுதியிலும், அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் தூக்கம் கலைந்திருக்கிறது. முதலில் வருகிற தண்ணீர் வீணாகப் போகக்கூடாதே என்று பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் அடைப்பானையும் அழுத்தி வைத்தாள்.

இதில் தப்பொன்றும் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறவரை.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். படிக்கட்டின் அடியிலிருந்து மகளின் குரல் சுற்றிச் சுற்றி மேலே ஏறி வந்தது.

"அம்மா, கீழ வா. காத்து பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடுங்குது. மூணாவது ஆள் இல்லாம முடியாது. சீக்கிரம்."

மகள் 'வா' என்று கூப்பிட்டது இந்த ஐந்து நாளில் முதல் தடவை. வார்டனம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மகள் வாங்கித் தந்திருந்த வெள்ளை ஷூவோடு ஏழு மாடியையும் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

தெருவே வேறு மாதிரி இருந்தது. சிவப்புக் கார் ஒன்றின் மேல் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. சிக்னல்கள் குருட்டுக் கண்ணாகத் தொங்கின. முன்னே மகள், பின்னே டைம்கீப்பர், பக்கவாட்டில் ஷீட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி வார்டனம்மா. பச்சை வாசல் வைத்த மருந்துக்கடை தாண்டி, குப்புற விழுந்த சைக்கிள் ஸ்டாண்ட் தாண்டி, ஆற்றுப் பாலம் வரை வந்துவிட்டார்கள்.

"ரெண்டு அம்பத்தஞ்சு," என்றார் டைம்கீப்பர். "அஞ்சு நிமிஷம் முன்கூட்டியே ஓடிக்கிட்டிருக்கோம்."

"பஸ் இல்லப்பா இது."

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. நேரத்துக்குப் போனாத்தான் மரியாதை."

மகள் சிரித்தாள். மூன்று நாளாகக் காணாத சிரிப்பு. அதைப் பார்த்து வார்டனம்மாவும் சிரித்தாள். சரியாக அப்போது பாலத்தின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன.

பகல் வெளிச்சத்தில் அவை எரிந்ததே தெரியாதுதான். ஆனால் எதிரே சிக்னல் சிவந்தது, கடைப் பலகைகள் மின்னின, எங்கோ ஒரு பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது. மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பாலத்தில் போனவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி டைம்கீப்பரின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

"வந்துருச்சு," என்றார் அவர், தானே கொண்டுவந்த மாதிரி.

வார்டனம்மா மட்டும் நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள்.

"என்னங்க," என்றாள். "குழாய்."

டைம்கீப்பருக்கு அந்த ஒரு சொல் போதும். முப்பத்துநாலு வருஷம் அந்தத் தட்டின் சத்தத்தில் எழுந்தவர். "எந்தக் குழாய்?"

"சமையல் ரூம். அடைப்பானும் போட்டிருக்கேன்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தண்ணியே வரலையேம்மா."

"வந்தா தெரியணும்னு திறந்து வச்சேன்."

"மூடி வச்சுட்டு அப்பப்போ திறந்து பார்த்தா தெரியாதா?"

இது ஒரு நல்ல கேள்வி. இருபத்தாறு வருஷத்தில் விடுதியில் ஒரு பெண்கூட இதைக் கேட்டதில்லை.

"அங்க தண்ணி போற ஓட்டை தரைல கிடையாதும்மா," என்றாள் மகள், மிகவும் தணிந்த குரலில். "நேரா ஹாலுக்குத்தான் வரும். அந்தத் துண்டு தரைலதான் இருக்கு." அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தணிந்த குரல்தான் வார்டனம்மாவை அறுத்தது.

கவுன்டரில் கையெழுத்துப் போட மகள்தான் வேண்டும். டைம்கீப்பரின் முழங்கால் ஓட்டத்துக்கு ஆகாது. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஷீட்டை நீங்க பல்லால கடிச்சாவது பிடிச்சுக்கங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு வார்டனம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அந்தத் துண்டு நாலு மணிக்குள்ள அங்க வரும்."

"உனக்கு வழி தெரியாதேம்மா."

"வந்த வழிதானே."

ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பெண்பிள்ளை, முன்பின் அறியாத தேசத்தில், பாஷை தெரியாமல், கையில் போன் இல்லாமல், புடவையும் வெள்ளை ஷூவுமாகப் பாலத்தில் ஓடினாள். பின்னால் டைம்கீப்பர் என்னவோ கத்தினார். காற்று அதை வாங்கி ஆற்றில் போட்டுவிட்டது.

சைக்கிள் ஸ்டாண்ட் வந்தது. மருந்துக்கடை வந்தது. அடுத்து, மரம் சாய்ந்த சிவப்புக் கார் இருக்கும் தெருவில் திரும்ப வேண்டும். மரத்தைக் காணோம். காரையும் காணோம். மூன்று தெருக்கள் பிரிந்தன. மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை.

வார்டனம்மா நின்றாள். அழுகைகூட வந்தது. ஆனால் விடுதியில் நள்ளிரவில் சுவரேறிக் குதித்தவளை மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தை வைத்தே கண்டுபிடித்தவள் அவள். குனிந்து பார்த்தாள். நடுத்தெருவின் முனையில், ஈரத் தார் ரோட்டில், புதிதாக அறுத்த மரத்தூள் மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது. மரத்தை அறுத்துக் கொண்டுபோய்விட்டார்களே தவிர, தூளைப் பெருக்கவில்லை. பிடித்தாள் ஓட்டம்.

கட்டட வாசலில் அடுத்த சங்கடம் காத்திருந்தது. கரண்ட் இல்லாத முப்பது மணி நேரமும் திறந்தே கிடந்த கதவு, கரண்ட் வந்ததும் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. கார்டு தேய்த்தால்தான் திறக்கும். கார்டு மகளிடம். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வீட்டின் சாவியும் மகளிடம். டைம்கீப்பர் பாலத்தில் கத்தியது 'சாவி, சாவி' என்றுதான் என்பது இப்போது புரிந்தது.

வாசலில் வரிசையாக, வீட்டுக்கு ஒன்றாக, இருபத்தெட்டு மணிப் பட்டன்கள். எது யாருடையது என்று வார்டனம்மாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டு உள்ளங்கையாலும் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கினாள். காலை ஐந்தரைக்கு விடுதி மணியை எப்படி அடிப்பாளோ அப்படி. பட்டன்களுக்கு மேல் இருந்த சல்லடைத் துளைகளின் வழியே நாலைந்து குரல்கள் என்னவோ கேட்டன. அவள் தன் பாஷையில் பதில் சொன்னாள்.

"தண்ணி. ஏழாம் மாடில தண்ணி. கதவைத் திறங்க."

அதட்டலாக வந்த குரல்கள் அடங்கின. ஒரே ஒரு குரல் மட்டும் "தண்ணி?" என்றது. உடனே கதவு 'ட்ர்ர்' என்று திறந்துகொண்டது. அதைப் பற்றி வியக்க அவளுக்கு ஏது நேரம்?

லிஃப்ட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போதுதான் கண்விழித்த லிஃப்ட்டை யார் நம்புவது? ஆறாவது மாடி வந்தபோது மூச்சு பாதி போய்விட்டது. அங்கே, கீழ்வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தாடிக்காரன் வெளியே வந்து கொண்டிருந்தான். அவன் வீட்டு உட்கூரையிலிருந்து சொட்டு விழும் சத்தம் படிவரை கேட்டது. அவன் அவளைத் தாண்டி ஓடிப்போய், ஏழாவது மாடிக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினான்.

சாவியோடு ஒரு துணிக் குஞ்சலம் ஆடியது. கிளிப்பச்சையில் சிவப்புக் கரை. வார்டனம்மா தன் ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் தன் கையால் தைத்தது. போன வருஷம் மகளுக்கு இரண்டு அனுப்பினாள், ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அப்படியே மனசில் ஒரு மூலையில் போட்டுப் பூட்டினாள். முதலில் தண்ணீர்.

சமையலறை வாசல் ஒரு சின்ன அருவியாக இருந்தது. தாடிக்காரன் எதையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் குழாயை மூடினான், தொட்டிக்குள் கைவிட்டு அடைப்பானைப் பிடுங்கினான். வார்டனம்மா கூடத்துக்குப் பாய்ந்தாள். தரைவிரிப்பின் பாதி கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதிரியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண். ஒரு மூலையில் அதுகூட இல்லை.

பெட்டியைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கென்று கொண்டுவந்த புடவைகள் ஒன்பது. அள்ளி எடுத்து ஒவ்வொன்றாக உதறித் திரித்து, தண்ணீருக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் அணை போட்டாள். பருத்திகள் மடமடவென்று குடித்தன. நைலக்ஸ் ஒன்றுக்கும் ஆகாமல் மிதந்தது. எட்டாவதைப் போட்டதும் நீர் நின்றது.

"தூக்குப்பா," என்றாள் தமிழிலேயே. அவன் தூக்கினான்.

ஒரு மூலை மட்டும் நனைந்து ஊறியிருந்தது. அங்கே நட்டிருந்த மூன்று காகித மரங்கள் தலை சாய்ந்துவிட்டன. மற்றபடி மருத்துவமனை முழுசாக இருந்தது. ஜன்னல்கள், வராந்தா, மொட்டைமாடியில் குண்டூசியளவு ஊஞ்சல், எல்லாம் இருந்தது. வார்டனம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த வீட்டில் தண்ணீருக்கா பஞ்சம் இன்றைக்கு.

மூட ஷீட் இல்லை. பெட்டியில் மிச்சம் ஒன்பதாவது புடவை, அரக்குப் பட்டு. மகளுக்குப் பரிசு கிடைத்தால் அன்றைக்குக் கட்டிக்கொள்ள என்று எடுத்து வைத்தது. ஒரு விநாடிகூடத் தயங்காமல் அதை விரித்து மருத்துவமனைக்குப் போர்த்தி, நாலு மூலையிலும் முடிந்தாள்.

லிஃப்ட் ஓடினாலும் அந்தத் துண்டு அதற்குள் நுழையாது. படிதான். அவன் முன்னால் பின்னோக்கி இறங்க, அவள் மேலே பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவருக்கும் பட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருந்தது.

"மெதுவா," என்றான் அவன். "மெதுவா, மெதுவா."

மூன்றாவது மாடி வந்த பிறகுதான் வார்டனம்மாவுக்கு உறைத்தது, அவன் சொல்வது அவளுக்குப் புரிகிறது என்று.

தெருவில் காற்று அடங்கியிருந்தது. அறுத்த மரத்தூளின் மேல், மருந்துக்கடையின் பச்சை வெளிச்சத்தின் ஊடே, சிவந்து நிற்கும் சிக்னல்களைக் கெஞ்சிக் கைகாட்டிக் கடந்து, அரக்குப் பட்டு போர்த்திய ஒரு மருத்துவமனையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை ஊரே நின்று பார்த்தது. பாலத்தில் வண்டிகள் அவர்களுக்கு வழிவிட்டன. வார்டனம்மாவின் தோள் இற்றுப் போனது. ஆனால் உள்ளுக்குள் ஏனோ ஒரு குதூகலம் கிளம்பியது. பதிமூன்று 'தொடாதே'க்கும் சேர்த்து, முழுக் கையாலும் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டபத்து வாசற்படியில் டைம்கீப்பர் கையில் கடிகாரத்தை அவிழ்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். எத்தனையோ லேட் பஸ்களை முறைத்த கண்கள் அவை. இப்போது அவற்றில் முறைப்பு இல்லை.

"மூணு அம்பத்தாறு," என்றார். "நாலு நிமிஷம் முன்னாடி."

நீண்ட வரிசையில் மகளின் முறை அப்போதுதான் வந்திருந்தது. கவுன்டரில் முதல் துண்டின் பக்கத்தில் இரண்டாவதை இறக்கினார்கள். மகள் பட்டின் முடிச்சுகளை அவிழ்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று வந்து பொருந்தின. கவுன்டர்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடி விடவே இல்லை.

"மூலைல மூணு மரம் விழுந்திருக்கேம்மா," என்றாள், தோளில் முகத்தை வைத்தபடி.

"ஊர்ல முந்நூறு விழுந்திருக்கு கண்ணு," என்றார் டைம்கீப்பர். "தத்ரூபமா இருக்குன்னு கூடுதல் மார்க் போடுவாங்க."

மகள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். அப்போதுதான் அம்மாவின் பின்னால் நிற்கிறவனைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. முழங்கால்வரை நனைந்து, தாடியில் ஒரு காகித இலை ஒட்டிக்கொண்டிருக்க, அவன் சங்கடமாகத் தலையசைத்தான். மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

டைம்கீப்பருக்கு இதொன்றும் தெரியாது. தாடிக்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

"நல்ல மனுஷன். சமயத்துல தெய்வம் மாதிரி வந்திருக்காரு. யாரும்மா இவரு?"

மகள் வாயைத் திறந்து மூடினாள். வார்டனம்மா தன் அரக்குப் பட்டை நிதானமாக உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம பொண்ணு வீட்டுச் சாவியை வச்சிருக்கிறவரு," என்றாள்.